அடியில் சுருண்டால்

புதுநன்மைக்குப் பதினோரு வெள்ளைக் கவுன்.
பத்து முடிந்து கொடியில் தொங்குகிறது.
பதினொன்றாவது ஷோபிதாவுக்கு,
விளிம்பு மடித்து ஒரு சுற்று அடித்தால் தீர்ந்தது.
காலை ஏழரைக்குப் பூசை.
இப்போது இரவு ஒன்பதே முக்கால்.
குளச்சல் மழை எங்கள் ஓட்டின்மேல் நின்றே பெய்கிறது.

மேல்தையல் நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது.
திருப்பிப் பார்த்தால்
அடியில் நூல் சுருண்டு சுருண்டு
இடியாப்பம்.

பாபினைக் கழற்றினேன். மறுபடி சுற்றினேன்.
கேஸின் குட்டித் திருகை முறுக்கினேன், தளர்த்தினேன்,
எத்தனை சுற்று என்பது மறந்துபோய்
மறுபடியும் முறுக்கினேன்.
ஷட்டிலைப் பிரித்துத் துடைத்தேன்.
பஞ்சு அடுக்கடுக்காக வந்தது:
மேலே வெள்ளை, அதன்கீழ் யூனிபார்ம் நீலம்,
அதற்கும் கீழே, பங்குத் திருவிழாவுக்குத் தைத்த
கொடித்துணியின் மஞ்சள்.
உப்புக்காற்றில் துருவேறிய ஊசியை எறிந்துவிட்டுப்
பதினாறாம் நம்பர் புதிது போட்டேன்.
இடியாப்பம் இடியாப்பமாகவே வந்தது.

சாயங்காலம் ஜெனிலா சக்கரத்தைப்
பின்பக்கமாகச் சுற்றி விளையாடியது நினைவுக்கு வந்தது.
ஒன்பது வயது. கைக்கு எட்டுவதையெல்லாம் சுற்றுவாள்.
போய் முதுகில் ஒன்று வைத்தேன்.
அழாமல் என்னைப் பார்த்தாள்,
பிறகு பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருங்கலுக்குப் போன் போட்டேன்.
வில்பிரட் அண்ணன் சோற்றில் கைவைத்திருந்தார்.
"இந்த மழையில நான் எப்படி வர?
போனை மெஷின்மேல வை. வை பிள்ளே.
ஓட்டு."
ஓட்டினேன்.
"இவ்வளவு வேகம் வேண்டாம்.
தேர்ப்பவனி போற மாதிரி ஓட்டு."
ஓட்டினேன்.
அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம்கூட நின்றது.

"ஷட்டில் இடிக்கல்ல. பெல்ட் வழுக்கல்ல.
சுருட்டு எங்க? மேலயா, அடியிலயா?"
அடியில், என்றேன். பாபினைத்தான் நான்…
"பாபினைத் தொடாண்டாம்!
தொட்டிருப்ப. எல்லாரும் அதைத்தான் தொடுவாவ.
அடியில சுருண்டா கோளாறு மேலயாக்கும், கேட்டியா?
மேல்நூலைப் பிடிக்க வேண்டியவன் பிடிக்கல்ல.
பாதத்தைத் தூக்கு. நூலை உருவு.
ரெண்டு வட்டத்தட்டு இருக்கில்லா,
அதுக்க நடுவுல துணியொண்ணை விட்டு இழு."

பழைய கைலியின் கரையைக் கிழித்து
இரண்டு தட்டுக்கும் இடையே விட்டு இழுத்தேன்.
ஒன்றுமில்லை.
இன்னொரு தரம்.
துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது,
நகத்தில் பாதிகூட இல்லை,
பல்பு வெளிச்சத்தில் ஜரிகைப்பொட்டு மாதிரி மின்னியது:

சாளைச் செதில்.

மத்தியானம் மீன் கழுவிய கையோடு
ஓடிவந்து நூல் கோத்தது யார்?
ஜெனிலாவா?

"என்ன கிடந்தது?"
சொன்னேன்.
புரையேறும்வரை சிரித்தார்.
"முப்பது வருசத்துல பட்டன் எடுத்திருக்கேன்,
ஒடஞ்ச ஊசி எடுத்திருக்கேன், பல்லிமுட்டை எடுத்திருக்கேன்.
சரி, நீ கெடுத்த பாபினை இனி சரியாக்கணும்.
கேஸை நூல்ல தொங்கவிட்டு ஒரு குலுக்கு.
சிலந்தி மாதிரி ஒரு விரக்கடை இறங்கி நிக்கணும்.
விழுந்தா முறுக்கு, இறங்கல்லன்னா தளர்த்து.
கூலி வேண்டாம். ஒரு கிலோ சாளை போதும்.
செதில் களைஞ்சு தரணும்."

மூன்றாவது குலுக்கில் இறங்கி நின்றது.

பதினொன்றே காலுக்கு விளிம்பு முடிந்தது.
திருப்பிப் பார்த்தேன்.
மேல் எது அடி எது என்று
துணிக்கே தெரியாது.

"சரியாச்சா?"
சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.
தூங்கவே இல்லை.
ஆச்சு, என்றேன்.
"நான் சுத்துனதாலயா?"

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது.
கவுனைக் கொடியில் ஏற்றினேன்.
வா, என்று கூப்பிட்டு
எண்ணெய்க்குப்பியை அவள் கையில் கொடுத்தேன்.
ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு, போதும், என்றேன்.

இரண்டு இரண்டாக விட்டாள்.
ஒன்றும் சொல்லாமல்
வழிந்ததைத் துடைத்தேன்.